வேலிக்கம்பத்து வெள்ளி

“அங்கே ஒன்றும் இல்லை” என்று ஒருவர் சொல்லும்போது, அவர் எதைப் பற்றிச் சொல்கிறார்? அந்த இடத்தைப் பற்றியா, தன்னைப் பற்றியா?

லின்வுட் டாட்ரோவிடம் இதைக் கேட்டிருந்தால், லாரிக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார். வெர்மான்ட்டின் வடகோடியில் ஈஸ்ட் கோர்லி என்ற சிற்றூரில் அவர் சாலைப் பணியாளர். குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளும் லாரி, மற்ற மாதங்களில் மண்சாலையை மட்டம் செய்யும் வண்டி. ஆனாலும் அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறவருக்கு இந்தக் கேள்விதான் முதலில் எதிர்ப்படும். ஓய்வு கிடைத்த நாட்களிலெல்லாம் அவர் செய்தது ஒரே காரியம்தான். ஆட்கள் விட்டுப்போன பழைய மனைகளுக்குப் போய், தரைக்கு மேல் உலோகம் கண்டுபிடிக்கும் டிடெக்டரை வீசி, கீழே ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று கேட்பார்.

அந்த மலைப்பக்கத்தில் அப்படிப்பட்ட மனைகளுக்குப் பஞ்சமில்லை. வீடு விழுந்து, பலகை மக்கி, கல் கட்டிய நிலவறைக் குழி மட்டும் மிஞ்சியிருக்கும். குழிக்குள் பிர்ச் மரம் தொடை கனத்துக்கு வளர்ந்திருக்கும். வாசல் எங்கே இருந்தது என்பதை அங்கே நட்டிருந்த லைலாக் பூப்புதர் காட்டிக்கொடுக்கும். அங்கே எவனோ ஒருவன் எப்போதோ கால்சட்டைப் பையிலிருந்து தவறவிட்ட ஒரு சென்ட், டைம் என்கிற பத்து சென்ட் காசு, சட்டைப் பித்தான், குதிரைச் சேணத்தின் பித்தளை வளையம். லின்வுட்டுக்கு அது போதும்.

அவருக்கு மூன்று வழக்கங்கள் இருந்தன. நிலத்துக்காரரைக் கேட்காமல் உள்ளே கால் வைக்க மாட்டார். தோண்டிய குழியை, புல்லைக்கூடத் திருப்பி அதன் இடத்தில் வைத்து மூடுவார். அன்றைக்கு மண்ணிலிருந்து வந்த எல்லாவற்றையும், துருப்பிடித்த ஆணி உட்பட, நிலத்துக்காரரின் மேசையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத்தான், “எனக்கு ஏதாவது தருவீங்களா?” என்று கேட்பார். இதை நேர்மை என்று புகழ அவசரப்பட வேண்டியதில்லை. பாதி பழக்கம், பாதி பிடிவாதம். அவர் மனைவி வெர்னா அதைப் பிடிவாதம் என்று மட்டும்தான் சொல்லுவாள்.

வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். முதல் சில வருடங்கள் அவர் காட்டுக்குள் போக, இவள் லாரியில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டிக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். அலுத்துப்போய் ஒருநாள் அவளும் ஒரு டிடெக்டர் வாங்கிவிட்டாள். அவள் வீசும் வேகத்தைப் பார்த்தால் பாம்படிக்கிற மாதிரி இருக்கும்.

“மெதுவா வீசு. அது காதுல விழணும்,” என்பார் லின்வுட்.

“நீ வீசுறதுக்குள்ள காசே எழுந்து நடந்து போயிடும், மிஸ்டர் டாட்ரோ.”

ஓர் அக்டோபரில், இலையெல்லாம் கொட்டியிருந்த நேரம், ஹெஸ்டர் பாஸ்கம் அவர்களை வீட்டுக்கு வரச்சொன்னார். எழுபத்தெட்டு வயது. திருமணம் செய்துகொள்ளாதவர். ஊருக்குள் சிறிய வீடு. கண்ணில் நடுப்பார்வை போய், ஓரங்களில் மட்டும்தான் தெரியும். அதனால் யாரிடம் பேசினாலும் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, அவர்கள் தோளுக்கு அப்பால் யாரோ நிற்பதுபோலப் பேசுவார். மலைமேல் அவருடைய குடும்பப் பண்ணை ஐம்பது வருடமாக யாரும் இல்லாமல் காடாகிக் கிடந்தது. அந்த நிலத்தில் லின்வுட் பலமுறை அனுமதி கேட்டு, பலமுறை முடியாது என்று பதில் வாங்கியிருந்தார்.

“டாட்ரோ, ஊர்ல இருக்கிற பள்ளமெல்லாம் நீதான் தோண்டுறியாமே,” என்றார் ஹெஸ்டர்.

“மூடிடுறேன், மிஸ் பாஸ்கம்.”

“மூடறது கிடக்கட்டும். இப்ப ஒரு எடத்துல நல்லாத் தோண்டணும். உக்காரு. ஏம்மா வெர்னா, நீயும் உக்காரு. டோநட் அங்க இருக்கு, நேத்துச் சுட்டது. பல்லு நல்லாயிருந்தா சாப்பிடலாம்.”

பிறகு விஷயத்தைச் சொன்னார். அவருடைய அண்ணன் எவரெட், 1956ல் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, பண்ணை வேண்டாம் என்று மெய்ன் மாநிலத்துக் கப்பல் பட்டறைக்குப் போய்விட்டான். அவன் போன மறுவாரம் அப்பா ஏமஸ், வேலிக்கம்பத்து அடியில் தான் புதைத்து வைத்திருந்த வெள்ளி நாணயமெல்லாம் போய்விட்டது, மகன்தான் தோண்டிக்கொண்டு போனான் என்று ஊர் முழுக்கச் சொன்னார். வங்கியை நம்பாத அந்தக் காலத்துப் பண்ணைக்காரர்கள் கம்பத்தடியில் காசு புதைப்பது அங்கே சாதாரணம். ஊர் நம்பியது. பதினாறு வயது ஹெஸ்டரும் நம்பினார். அதன்பிறகு அப்பா இறக்கும்வரை, 1963 குளிர்காலம் வரை, மகன் கொள்ளையடித்துவிட்டுப் போன அந்த மனிதரைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் ஹெஸ்டர்தான். கல்யாணம் கேட்டு வந்தவனைக்கூட அதற்காகத் திருப்பி அனுப்பியிருந்தார்.

“அப்பா செத்தப்ப அவன் போன் பண்ணினான். ‘நான் தொடல, ஹெஸ். கம்பத்தடியில தோண்டிப் பாரு’ன்னான். நான் வெச்சுட்டேன். அவ்வளவுதான் நாங்க பேசினது.”

“இப்ப அவரு…” என்றாள் வெர்னா.

“ஆகஸ்ட்ல போயிட்டான். அவன் பொண்ணு ரோண்டா கூப்பிட்டா. அப்பாவோட சாம்பலை நம்ம எடத்துல வெக்கணுமாம். அது அவனோட கடைசி ஆசையாம்.” ஹெஸ்டர் சிரித்தார். நல்ல சிரிப்பாக இல்லை. “மேட்டுக் கல்லறையில நம்ம வரிசையில ரெண்டு எடம் காலியா இருக்கு. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு யாருக்குங்கிறது என் கையில. அப்பா பக்கத்துல ஒரு திருடனைக் கொண்டுபோய் வெக்க மாட்டேன். வெள்ளி இன்னும் மண்ணுல இருந்தா, அவன் வரலாம். இல்லாட்டி அவன் எங்க இருக்கானோ அங்கயே இருக்கட்டும். நீ போய்ப் பாத்துட்டு வந்து ஒரே வார்த்தைல சொல்லு.”

லின்வுட்டும் வெர்னாவும் அந்த மாதம் கிடைத்த நாட்களிலெல்லாம் மலைக்குப் போனார்கள். பண்ணையின் எல்லை முழுக்க வேலி ஓடியது. பாதி கம்பங்கள் விழுந்து மக்கிவிட்டன. சிடார் கம்பங்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றன. ஒவ்வொன்றையும் தோண்டுவது நடக்கிற காரியமல்ல, டிடெக்டரைத்தான் நம்ப வேண்டும். அவர் ஒவ்வொரு கம்பத்தையும் சுற்றி நிதானமாக வீசினார். முதல் பனி விழுவதற்குள் முடித்துவிட்டு, ஹெஸ்டர் வீட்டுச் சமையலறையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அங்க ஒண்ணும் இல்ல, மிஸ் பாஸ்கம்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

ஹெஸ்டர் அன்றைக்கே ரோண்டாவைக் கூப்பிட்டு முடியாது என்று சொல்லிவிட்டார்.

பழைய வீட்டு மனையில் டிடெக்டர் வீசுகிறவர்கள் எல்லோரும் செய்யும் காரியம் ஒன்று உண்டு. அப்படிப்பட்ட இடங்களில் மண்ணை விட ஆணி அதிகம். ஆணிக்கெல்லாம் காது கொடுத்தால் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் கருவியைத் திருகி இரும்பை ஊமையாக்கி வைத்துவிடுவார்கள். செம்பும் வெள்ளியும் மட்டும்தான் பிறகு பேசும். கம்பத்தடிக் காசு என்றால் மூடிபோட்ட கண்ணாடி ஜாடியில்தான் இருக்கும் என்பதும் அந்தக் கூட்டத்தில் யாரும் சந்தேகப்படாத விஷயம். கண்டெடுத்தவர்கள் எல்லோரும் ஜாடியில்தான் கண்டெடுத்திருந்தார்கள். கண்டெடுக்காதவர்கள் எதைத் தாண்டிப் போனார்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே பனி உருகிச் சாலையெல்லாம் சேறாகிக் கிடந்தபோது, லின்வுட் சமையலறைத் தரையில் டிடெக்டரைப் பிரித்துப்போட்டுப் புது பேட்டரி போட்டார். சோதித்துப் பார்க்கக் கருவியை அப்படியே மேசைக்கு அடியில் வீசினார். சத்தம் வரவில்லை.

“போச்சா?” என்றாள் வெர்னா.

மேசையிலிருந்த வெள்ளிக் கரண்டியைத் தரையில் வைத்து வீசினார். கணீரென்று பாடியது. திரும்பவும் பழைய இடத்தில் வீசினார். ஒன்றுமில்லை.

“அங்க என்ன இருக்கு?” என்று வெர்னாவைக் கேட்டார்.

“என்னோட தகர வாளி. நான் கண்டுபிடிச்ச வெள்ளியெல்லாம் அதுலதான் போட்டு வெச்சிருக்கேன். நீதான் அதைப் பாத்து எரியுறியே, அதான் மூடி போட்டேன்.”

லின்வுட் வாளி மேல் இன்னொருமுறை வீசினார். பிறகு திருகைத் திருப்பி இரும்புக்கு வாய் கொடுத்து வீசினார். பன்றி உறுமுவதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். உள்ளே இருந்த வெள்ளி வாயே திறக்கவில்லை. கருவிக்கு அது ஒரு பழைய தகரம்.

அவர் மண்டியிட்டபடியே வெகுநேரம் இருந்தார். வெர்னாவுக்கு முதலில் முதுகு பிடித்துக்கொண்டது என்று தோன்றியது.

“எழுந்திரிக்க முடியலையா?”

“ஜாடின்னு யார் சொன்னது?” என்றார் அவர்.

“என்ன ஜாடி?”

“ஏமஸ் பாஸ்கம் ஜாடியில போட்டாருன்னு யார் சொன்னது, வெர்னா? நான் கேக்கவே இல்லையே.”

வேறொருவராக இருந்தால் யாருக்கும் சொல்லாமல், பனி போனதும் போய்ப் பார்த்துவிட்டு, கிடைத்தால் சொல்லலாம், கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம் என்று இருந்திருப்பார்கள். வெர்னாவும் அதைத்தான் சொன்னாள். லின்வுட் கேட்கவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும், சேற்றுப் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு ஹெஸ்டரின் சமையலறையில் போய் நின்றார். வெர்னாவும் பின்னால் நின்றாள்.

“நான் அக்டோபர்ல சொன்னது தப்பா இருக்கலாம், மிஸ் பாஸ்கம்.”

ஹெஸ்டர் ரேடியோவை அணைத்தார். “அக்டோபர்ல இல்லாதது மார்ச்ல வந்துடுச்சா? பனியில முளைச்சுதா?”

“இருக்குன்னு சொல்லல. இல்லன்னு நான் சொன்னது சரியில்லன்னு சொல்றேன். உங்க அப்பா அதை எதுல வெச்சிருந்தாரு?”

“எனக்கு எப்படித் தெரியும்? எங்கிட்டக் காட்டினாரா?”

“ஜாடியா?”

“ஜாடின்னு நான் எப்ப சொன்னேன்? நீதான் ஜாடி ஜாடின்னு பேசிக்கிட்டிருந்த. எங்க வீட்டுல ஜாடியைத் தொட்டா அம்மா கையை ஒடிச்சுருவா, ஊறுகாய்க்கே பத்தாது. அப்பா எதையும் கொழுப்பு வாளியிலதான், கடையில பன்னிக்கொழுப்பு வர்ற அந்தத் தகர வாளியிலதான் போடுவாரு. ஆணி, விதை, தூண்டில் முள்ளு, எல்லாம்.” அவர் நிறுத்தினார். ஓரப்பார்வையை லின்வுட் பக்கம் கொண்டுவர முகத்தை நன்றாகத் திருப்பினார். “ஏன் கேக்கிற?”

லின்வுட் சொன்னார்.

“அந்தப் பொண்ணு அழுதா, தெரியுமா?” என்றார் ஹெஸ்டர். “நிச்சயமான்னு நான் கேட்டேன். நிச்சயம்னு சொன்ன.”

“சொன்னேன்.”

“ஆம்பளைங்களுக்கு இந்த நிச்சயம் எங்கிருந்துதான் கிடைக்குதோ. போ. தரை இளகினதும் போய்ப் பாரு.”

அந்தப் பக்கத்தில் குளிர்காலத்தில் இறந்தவர்களையே தரை இளகும்வரை புதைக்காமல், கல்லறைத் தோட்டத்தில் அதற்கென்று கட்டிய கல் அறையில் வைத்துக் காத்திருப்பார்கள். சாம்பலுக்கும் அதே கணக்குதான். லின்வுட் பகலில் சேற்றுச் சாலையில் கற்களைக் கொட்டினார், மாலையில் வாசலில் நின்று மலையைப் பார்த்தார். அவர் பதற்றப்பட்டார் என்று சொல்ல முடியாது. சாப்பிட்டார், தூங்கினார். ஆனால் அந்த வசந்தத்தில் யார் எதைக் கேட்டாலும், மழை வருமா என்று கேட்டால்கூட, “தெரியல” என்றுதான் பதில் சொன்னார். வெர்னாவுக்கு அது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு இல்லை.

ஏப்ரல் கடைசியில் போனார்கள். பாறைகளின் நிழலில் இன்னும் பனி அழுக்காகக் கிடந்தது. மற்ற இடங்களில் காட்டு வெங்காயம் பச்சையாக முளைவிட்டிருந்தது. இந்தமுறை இரும்புக்கு வாய் கொடுத்திருந்தார். கருவி நிறுத்தாமல் உறுமியது. ஒவ்வொரு உறுமலையும் தோண்டினார்கள். ஆணி, கீல், அடுப்பு மூடி, எருதின் லாடம், பாதி வாளியின் கைப்பிடி, மறுபடியும் ஆணி.

“நாம ஒரு வீட்டையே கட்டலாம்,” என்றாள் வெர்னா. “பலகை மட்டும்தான் பாக்கி.”

“தோண்டு.”

“முப்பது வருஷம் முன்னாடி நடனத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லித்தான் என்னைக் கட்டிக்கிட்ட.”

“கூட்டிட்டுப் போனேனே.”

“ஒருதடவை. அதுவும் பாதியில பனி தள்ளக் கூப்பிட்டாங்கன்னு போயிட்ட.”

மாட்டுக்கொட்டகையின் பக்கத்தில், வாயிற்கதவு தொங்கிய தடித்த சிடார் கம்பத்தின் அடியில், உறுமல் கொஞ்சம் அகலமாகக் கேட்டது. அக்டோபரிலும் இந்தக் கம்பத்தடியில்தான் இருவரும் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டார்கள். லின்வுட் கம்பத்தின் வேர்ப்பக்கம் பக்கவாட்டில் தோண்டினார். முழங்கை ஆழத்தில் மண் தோண்டும் கரண்டி தகரத்தில் இடித்தது.

கொழுப்பு வாளிதான். கைப்பிடி அறுந்திருந்தது. மூடி துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெர்னா கத்தியை நுழைத்து நெம்ப, அது பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. உள்ளே எண்ணெய்த் துணி. துணிக்குள் வெள்ளி, கறுத்தும் கறுக்காமலும், விளிம்புவரை.

வெர்னா கத்திவிட்டாள். லின்வுட்டைக் கட்டிப்பிடித்தாள். “அவன் தொடல! அந்த மனுஷன் தொடவே இல்ல, லின்!”

லின்வுட்டும் சிரித்தார். பிறகு மேலே கிடந்த ஒன்றை எடுத்தார். பின்பக்கம் மணி பொறித்த அரை டாலர். தண்ணீர் புட்டியைத் திறந்து அதன்மேல் ஊற்றி, முன்பக்கம் திருப்பி வருடத்தைப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். அதையும் பார்த்தார். பிறகு இரண்டையும் வெர்னாவின் கையில் கொடுத்தார்.

1961. இன்னொன்று 1962.

வெர்னாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. எவரெட் வீட்டை விட்டுப் போனது ஐம்பத்தாறில். போய் ஐந்தாறு வருடம் கழித்து அச்சடித்த காசு, திருட்டுப் போனதாகச் சொன்ன வாளிக்குள் வந்திருக்கிறது. அதைப் போடக்கூடிய கை ஒன்றே ஒன்றுதான். ஏமஸ் பாஸ்கத்துக்கு வாளி எங்கே இருக்கிறது என்பது சாகும்வரை தெரிந்திருந்தது. மகனைத் திருடன் என்று சொல்லிக்கொண்டே, வேளை கிடைத்தபோதெல்லாம் இந்தக் கம்பத்தடிக்கு வந்து குனிந்திருக்கிறார்.

“அப்பன்காரன்!” என்றாள் வெர்னா. வேறு சொல் கிடைக்கவில்லை.

லாரியில் திரும்பும்போது வாளி அவள் மடியில் இருந்தது.

“மணி போட்டதையெல்லாம் எடுத்துடு, லின். மேலாகத்தான் கிடக்கு, கொஞ்சம்தான். மிச்சத்தைக் குடு. அண்ணன் திருடன் இல்லன்னு தெரியும், சாம்பல் வந்து சேரும். அந்த அம்மாவுக்கு அது போதாதா? அப்பாவுக்காகத் தன் வாழ்க்கையையே குடுத்துட்டு உக்காந்திருக்கு. இப்பப் போய் அவரு இப்படின்னு சொல்லணுமா?”

“எதையும் எடுக்க மாட்டேன். அது அவங்களோடது. எல்லாம் மேசைக்குப் போகணும்.”

“அப்ப சொல்லப்போறியா?”

“எல்லாம் மேசைக்குப் போகணும்,” என்று மறுபடி சொன்னார்.

ஹெஸ்டரின் சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, முதலில் ஆணிகளையும் கீல்களையும் கொட்டினார். வழக்கம் வழக்கம்தான். பிறகு அதை ஒதுக்கிவிட்டு வாளியைக் கவிழ்த்தார். மேலே கிடந்தவை குவியலின் அடியில் போயின. அந்தச் சத்தத்தில் ஹெஸ்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கையை நீட்டிக் குவியலைத் தொட்டார். இரண்டு கையாலும் அளைந்தார். வாளியின் உடைந்த விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

“நம்ம வாளிதான்,” என்றார். “எந்தக் கம்பம்?”

“கொட்டகை வாசல் கம்பம்.”

“அவன் வரட்டும்,” என்றார். “வெர்னா, அந்தப் பொண்ணோட நம்பரு போன் பக்கத்துல ஒட்டியிருக்கு, நாளைக்கு எனக்குப் போட்டுக் குடு. நான்தான் பேசணும். எப்படிப் பேசறதுன்னு இன்னிக்கு யோசிக்கிறேன்.”

பிறகு அழுதார். சத்தமில்லாமல், முகத்தை மூடாமல். வெர்னா எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட ஹெஸ்டரின் முகத்தில் வேறொன்று வந்தது. கிட்டத்தட்டச் சிரிப்பு. “பாவம் அப்பா. எந்தக் கம்பம்னு மறந்துட்டாரு போல. தப்பான கம்பத்தடியில தோண்டிப் பாத்துட்டு, காணோம்னு பதறிட்டாரு. அந்த வருஷந்தான் மறதி ஆரம்பிச்சது அவருக்கு, இப்ப யோசிச்சா தெரியுது. கோவத்துல வாயில வந்ததைச் சொல்லிட்டாரு. அப்படித்தானே, டாட்ரோ?”

ஹெஸ்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“எனக்கு இதைப் படிச்சுக் காட்டு. ஒவ்வொண்ணுலயும் என்ன வருஷம்னு. அவரு கடைசியா எப்ப போட்டாருன்னு தெரிஞ்சா, எப்ப மறந்தாருன்னு தெரிஞ்சுடும்.”

ஹெஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு அவரிடம் நீட்டினார். லின்வுட் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

“இருபத்தொண்ணு.”

“நான் பொறக்கவே இல்ல.”

“முப்பத்தாறு. முப்பத்தாறு. இது பழசு, தொண்ணூத்தெட்டு.”

“அது தாத்தா குடுத்ததா இருக்கும்.”

“நாப்பத்திரெண்டு.”

“சண்டைக் காலம். மாட்டை வித்தாராம் அப்ப. பிளாக்கி, பிரின்ஸ், ரெண்டு உழவு மாட்டையும்.”

படித்தவற்றை ஹெஸ்டர் வலப்பக்கம் அடுக்கினார். ஒவ்வொரு வருடத்துக்கும் அவரிடம் ஒரு நினைவு இருந்தது. ஒரு பனிப்புயல், ஒரு கன்றுக்குட்டி, அம்மா வாங்கிய தையல் இயந்திரம். எல்லாவற்றிலும் அப்பா இருந்தார். தண்ணீர் கொதித்தது. வெர்னா இறக்க மறந்து நின்றாள். குவியல் தேய்ந்துகொண்டே வந்தது. அடியில் மணி பொறித்தவை வெளியே தெரியத் தொடங்கின.

லின்வுட் உண்மையைச் சொல்லிவிடுவார் என்றுதான் வெர்னா நினைத்தாள். மலையிலிருந்து இறங்கும்போது அவர் முகத்தில் அதுதான் எழுதியிருந்தது. எதையும் மறைக்காத மனிதர், மார்ச்சில் கேட்காமலேயே வந்து தன் தவற்றைச் சொன்னவர். அன்றைக்கு நடந்ததற்குக் காரணம் என்ன என்று அவள் பிற்பாடு கேட்டாள். வீடு திரும்பும் வழியில் ஒருமுறை, மே மாதக் கடைசியில் எவரெட்டின் சாம்பல் மேட்டுக் கல்லறையில் இறங்கிய அன்று ஒருமுறை, பல வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தபோது ஒருமுறை. மூன்று முறையும் அவர் கேட்காததுபோல இருந்துவிட்டார். அந்த நாணயங்களை வேறு யாரேனும் படித்தார்களா என்பதும் தெரியாது. ஹெஸ்டர் அவற்றைத் தன் படுக்கையறையில் வைத்திருந்தார், எதையும் விற்கவில்லை. அவர் போனபின் ரோண்டா பெட்டியோடு எடுத்துப் போனாள்.

ஹெஸ்டர் முதல் மணி நாணயத்தைத் தடவினார். மற்றவற்றை விட அதில் கொஞ்ச நேரம் கூடுதலாக விரல் நின்றதாக வெர்னாவுக்குத் தோன்றியது. விளிம்பின் கோடுகள் புதுசாக, கூர்மையாக இருந்தன. பிறகு நீட்டினார்.

லின்வுட் வாங்கி, சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். மேசைக்கு இந்தப்புறம் நின்ற வெர்னாவுக்கே எண் தெரிந்தது.

“இது தெரியல, மிஸ் பாஸ்கம். தேஞ்சிருக்கு.”

ஹெஸ்டர் கையை நீட்டித் திரும்ப வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி, அவர் தோளுக்கு அப்பால் பார்த்தபடி இருந்தார். பிறகு அதை வலப்பக்கம், நாற்பத்திரண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்ததை எடுத்து நீட்டினார்.

லின்வுட் அதையும் வெளிச்சத்தில் பிடித்து, அவசரப்படாமல் பார்த்தார்.

“இதுவும் தெரியல,” என்றார்.